மணிவிழாவுக்கு வாங்கிய ரோலெக்ஸ் போலி என்கிறார்கள். பணம் திரும்பக் கிடைக்குமா?

மும்பை செம்பூரில் வசிக்கும் வாசகர் ஒருவர், பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் வருமாறு.

தந்தையின் மணிவிழாவுக்குப் பரிசளிக்க, 2024 நவம்பரில், பழைய விலையுயர்ந்த கைக்கடிகாரங்களை வாங்கி விற்கும் ஒரு வியாபாரியிடமிருந்து ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் 36 ஒன்றை வாங்கினார். மாடல் எண் 126234. எஃகு உடலும், டயலைச் சுற்றி வரிவரியாக வெட்டிய வெள்ளைத் தங்க வளையமும் கொண்டது. விலை 6,40,000 ரூபாய். அதில் 4,40,000 ரூபாயை வங்கி வழியாகவும், வியாபாரி கேட்டுக்கொண்டபடி மீதி 2,00,000 ரூபாயை ரொக்கமாகவும் கொடுத்தார். பில்லில் வங்கி வழியாகச் சென்ற தொகை மட்டுமே இருக்கிறது. பொருளின் பெயர் 'பழைய கைக்கடிகாரம் - 1' என்பதோடு முடிகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில், "நூறு சதவீதம் ஒரிஜினல், எப்போது வேண்டுமானாலும் கம்பெனியில் காட்டிக்கொள்ளுங்கள்" என்று வியாபாரி எழுதியிருக்கிறார். பெட்டியும் உத்தரவாத அட்டையும் கூடவே வந்தன.

தை மாதம் மணிவிழா மேடையில் அப்பாவின் கையில் மகன் கடிகாரத்தைக் கட்டிவிட்டார். ஜூலை மழையில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. மாட்டுங்காவில் குடும்பத்துக்குப் பழக்கமான கடிகாரப் பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்து, "மெஷின் கம்பெனி மெஷின் இல்லை" என்று சொல்லி, கைபேசியில் படமும் எடுத்துக் கொடுத்தார். வியாபாரியோ, மெஷினை நீங்களே மாற்றியிருக்கலாம் என்றும், செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு ரிட்டன் கிடையாது என்றும் கைவிரித்துவிட்டார். நண்பர் ஒருவர், யாருக்கும் சொல்லாமல் ஆன்லைனில் 4 லட்சத்துக்குத் தள்ளிவிடச் சொல்கிறார். கடிகாரம் சர்வீஸில் இருக்கிறது என்று அப்பா நம்பிக்கொண்டிருக்கிறார்.

வாசகரின் கேள்விகள் மூன்று. பெட்டி, அட்டை, இணையத்தில் சரிபார்த்த வரிசை எண், வழுக்கிக்கொண்டு ஓடும் நொடி முள் எல்லாம் இருந்தும் இது போலியாக இருக்க முடியுமா? சரியான பில் இல்லாமல், ரொக்கமும் கலந்து கொடுத்த நிலையில் வழக்குப் போட முடியுமா? போலிக் கடிகாரத்தை வைத்திருப்பதே குற்றமா?

அன்புள்ள வாசகருக்கு,

நான் வழக்கறிஞர், கடிகாரத் தொழில் தெரிந்தவன் அல்லன். ஆனால் இதுபோன்ற வழக்குகளில் கட்சிக்காரர்களுடன் சேர்ந்து நானும் கொஞ்சம் கற்றுக்கொள்ள நேர்ந்தது. உங்கள் கடிதம் முழுவதும் 'இது அசலா, போலியா' என்ற கேள்வியையே சுற்றிவருகிறது. வழக்கில் அதற்கு இணையாக இன்னொரு கேள்வி வரும்: இன்று உங்களிடம் இருக்கும் இந்தக் கடிகாரமும், அன்று அந்த வியாபாரி விற்ற கடிகாரமும் ஒன்றுதானா? முதல் கேள்விக்கு வல்லுநர் பதில் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கான சான்றை நீங்கள்தான் திரட்ட வேண்டும். எனவே, இதைப் படித்து முடிக்கும் வரையிலாவது கடிகாரத்தை இன்னொருவரிடம் திறக்கக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் நம்பிய அடையாளங்கள்

பெட்டியும் அட்டையும் கடிகாரத்தைவிட எளிதாகப் போலி செய்யக்கூடியவை. 'ஃபுல் செட்' என்ற சொல்லுக்குச் சந்தையில் கூடுதல் விலை கிடைப்பதாலேயே போலிக்கும் ஃபுல் செட் தயாரிக்கிறார்கள். வரிசை எண் விஷயத்தில் நீங்கள் சற்று ஏமாந்திருக்கிறீர்கள். அண்மைக்கால ரோலெக்ஸ்களில் அந்த எண், கண்ணாடிக்கும் டயலுக்கும் நடுவே உள்ள உள்வளையத்தில் 6 மணிப் பக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் அசல் கடிகாரத்தின் எண்ணைப் பார்த்து அதையே நூறு போலிகளில் பொறிக்கலாம். நீங்கள் எண்ணைத் தட்டிப் பார்த்த இணையப் பக்கம் அந்த நிறுவனத்தினுடையது அன்று. எண் எந்த அமைப்பில் இருக்கிறது என்று மட்டுமே அத்தகைய பக்கங்களால் சொல்ல முடியும்.

நொடி முள் 'டிக் டிக்' என்று தாவினால் போலி, வழுக்கி ஓடினால் அசல் என்ற பரவலான நம்பிக்கை இரண்டு பக்கமும் தவறு. ரோலெக்ஸே ஒரு காலத்தில் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் என்ற பேட்டரிக் கடிகாரத்தை விற்றது. அதில் நொடி முள் தாவித்தான் போகும். மறுபுறம், உங்கள் மாடலுக்குரிய 3235 என்ற மெஷின் மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு 8 துடிப்பு என்ற வேகத்தில் ஓடுவது. முள் வழுக்கி ஓடுவதுபோலத் தெரிவது அதனால்தான். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போலிக்கு அந்த வேகம் வராமல் போகலாம். ஆனால் நம் ஊரில் 'ஃபர்ஸ்ட் காப்பி' என்றும், அதற்கும் மேலே 'சூப்பர் குளோன்' என்றும் சொல்லி விற்கப்படுபவற்றில் அதே வேகத்தில் ஓடும் மெஷினைத்தான் பொருத்துகிறார்கள். தேதியின் மேல் உள்ள உருப்பெருக்கிக் கண்ணாடி எழுத்தை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும் என்பதையும் அவர்கள் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் என் கண்ணில் பட்டது: "அப்பா கழற்றி வைத்தால் ஒன்றரை நாளில் நின்றுவிடும், தினமும் கட்டாததால் அப்படி என்று நினைத்தோம்." முழுமையாகச் சாவி ஏறிய 3235 மெஷின் ஏறத்தாழ 70 மணி நேரம் ஓட வேண்டும், வெள்ளி இரவு கழற்றி வைத்தால் திங்கள் மாலை வரை ஓடும் என்பது கணக்கு. ஒன்றரை நாள் என்பது அதில் பாதிதான். எண்ணெய் உலர்ந்த அசல் கடிகாரமும், சாவி முழுமையாக ஏறாத அசல் கடிகாரமும் முன்னதாகவே நிற்கக்கூடும் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் மாட்டுங்காக்காரரின் சொல்லோடு சேரும்போது இதற்குக் கனம் கூடுகிறது. ஆவி படிந்ததைப் பற்றியும் ஒரு சொல்: பக்கவாட்டில் உள்ள சாவிக் குமிழைத் திருகி மூடாமல் விட்டால் அசல் கடிகாரத்துக்குள்ளும் ஈரம் போகும். அதை உங்கள் முதன்மையான வாதமாக வைக்காதீர்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வார்.

'இவ்வளவு பார்த்தும் ஏமாந்துவிட்டேனே' என்று உங்களையே நொந்துகொண்டிருக்கிறீர்கள். 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஏலத்தில் பழைய ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கும் மேல் விலைபோயிற்று. வாங்கியது ஓமேகா நிறுவனத்தின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல், அது வெவ்வேறு கடிகாரங்களின் உதிரிபாகங்களைக் கூட்டிச் சேர்த்தது என்றும், தங்கள் முன்னாள் ஊழியர்களே அதில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்றும் நிறுவனமே சொல்ல வேண்டியதாயிற்று. தயாரித்தவனே தன் பொருளைக் கண்டு ஏமாறும் தொழிலில் நீங்கள் வெட்கப்பட எதுவும் இல்லை.

இந்த ஒட்டுக் கடிகார வகைக்கு மும்பையும் புதிதன்று. பழைய ஃபாவ்ர் லூபா, எச்.எம்.டி. கடிகாரங்களுக்குப் புது வண்ணத்தில் டயல் அடித்து விற்பதற்கு, உலகெங்கும் உள்ள சேகரிப்பாளர்கள் இந்த நகரத்தின் பெயரையே வைத்து 'மும்பை ஸ்பெஷல்' என்கிறார்கள். உள்ளதைச் சொல்லி விற்றால் அதில் தவறில்லை. உங்கள் கடிகாரமும் முழுப் போலியாக இல்லாமல், அசல் உடலுக்குள் வேறு மெஷின் வைத்ததாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படியானாலும் உங்கள் உரிமை குறையாது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், பிரிவு 15-இன்படி, வர்ணனை சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்பது சொல்லாமலே அடங்கிய நிபந்தனை. 'நூறு சதவீதம் ஒரிஜினல்' என்ற வர்ணனைக்குப் பாதி அசல் பொருந்தாது.

சான்றைத் திரட்டும் முறை

முதலில் மாட்டுங்காக்காரரிடம் போங்கள். கடிகாரம் எந்தத் தேதியில் வந்தது, வரிசை எண் என்ன, திறந்தபோது உள்ளே என்ன கண்டார், எதையும் மாற்றாமல் மூடிக்கொடுத்தாரா என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள். அவர் எடுத்த படங்களின் மூலக் கோப்பு அவர் கைபேசியிலேயே இருக்கட்டும்; அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நாற்பது ஆண்டு அனுபவமுள்ளவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அது ஒரு தனிமனிதரின் கருத்து என்று எதிர்த்தரப்பு தள்ளிவிடலாம் என்பதால், அதை முடிவாகக் கருதாமல் தொடக்கமாகக் கருதுங்கள்.

அடுத்தது நம்மவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு வழி. உங்கள் மாடலில் டயலைச் சுற்றியுள்ள வரிவளையம் 18 காரட் வெள்ளைத் தங்கம். தங்கநகைகளின் தரத்தை எக்ஸ்ரே கதிர் செலுத்திச் சில நிமிடங்களில் சொல்லும் கேரட் மீட்டர் சவேரி பஜாரில் தாராளமாக இருக்கிறது. நகைக்குச் சேதம் இல்லை, பின்மூடியைத் திறக்கவும் தேவையில்லை, செலவும் அதிகமில்லை. அந்த வளையத்தில் ஏறத்தாழ 75 சதவீதம் தங்கம் காட்ட வேண்டும். வெறும் எஃகு என்று காட்டினால் அந்த வளையம் அசல் அன்று என்பது கையில் அச்சிட்ட தாளோடு வந்துவிடும். தங்கம் காட்டினாலோ அதை வைத்து அசல் என்று முடிவு கட்டக் கூடாது. மேலே கனமாக முலாம் பூசிய போலியும் அப்படிக் காட்டக்கூடும். உரைகல்லில் லேசாக ஓர் உரசல் போதும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

மூன்றாவதாக, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை மையம். போலியைக் கொண்டுபோனால் அங்கேயே பறிமுதல் செய்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறீர்கள். தனியார் சேவை மையத்துக்கு அத்தகைய அதிகாரத்தை இந்தியச் சட்டம் எதுவும் தரவில்லை. ஆனால் கடிகாரத்தை ஒப்படைக்கும்போது கையெழுத்து வாங்கும் படிவத்தில் நிபந்தனைகள் இருக்கும். முழுமையாகப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். 'போலி' என்ற சொல்லை எழுதித் தர அவர்கள் தயங்கலாம். 'நிறுவனத்தினுடையது அல்லாத பாகங்கள் உள்ளதால் சர்வீஸுக்கு ஏற்க இயலாது' என்று எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு வரியை வைத்து வழக்கு நடத்தலாம். அதற்கும் அவர்கள் மறுத்தால், நுகர்வோர் ஆணையமே பொருளைத் தகுந்த சோதனைக்கு அனுப்பும்படி கேட்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 38 இடம் தருகிறது.

எங்கே, எப்படி வழக்கு

செகண்ட் ஹேண்ட் பொருளுக்கு நுகர்வோர் சட்டம் செல்லாது என்பது வியாபாரிகள் பரப்பிவைத்த நம்பிக்கை. விலை கொடுத்து வாங்கிய பொருள் எதுவானாலும், அதை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கியிருந்தால் நீங்கள் நுகர்வோர்தான். உங்கள் சம்மதத்துடன் பயன்படுத்தும் அப்பாவும் நுகர்வோர்தான். தனிமனிதர் ஒருவர் தன் சொந்தக் கடிகாரத்தை விற்றிருந்தால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்திருக்கும். நல்லவேளையாக உங்கள் நிலை அதுவன்று. அசல் என்று பொய்யாகச் சொல்லப்படும் பொருளுக்கு இந்தச் சட்டம் தனியாகவே வரையறை தந்திருக்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதையும் நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆகவே, 'ரிட்டன் கிடையாது' என்று சொல்லிவிடுவதால் மட்டும் அவருடைய பொறுப்பு நீங்கிவிடாது.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. பேரம் பேசும்போது, "விலை ஏறினால் விற்றுவிடலாம் அல்லவா" என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மறுவிற்பனைக்காக வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராக ஏற்பதில்லை. எதிர்த்தரப்பு அந்த வரியைத் தேடி எடுக்கும். மணிவிழா அழைப்பிதழும் அன்றைய படங்களும், பரிசளிக்கவே வாங்கினீர்கள் என்பதைக் காட்டும்.

நீங்கள் செம்பூரில் வசிப்பதால், வியாபாரியின் கடை எங்கே இருந்தாலும், மும்பை புறநகர் மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். அது பாந்திராவில் இருக்கிறது. கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை கட்டணம் 200 ரூபாய். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை. என் தொழிலுக்கு எதிராக நானே பேசுகிறேன் என்று என் உதவியாளர் சிரிக்கிறார். காலக்கெடு இரண்டு ஆண்டுகள். ஏமாற்று தெரியவந்த ஜூலையிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடம் உண்டு என்றாலும், அந்த வாதத்தை நம்பி இருக்காமல், வாங்கிய தேதியிலிருந்தே எண்ணி 2026 நவம்பருக்கு முன் தாக்கல் செய்துவிடுங்கள்.

அதற்கு முன் ஸ்பீடு போஸ்டில் ஓர் அறிவிப்புக் கடிதம் அனுப்புங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிவு செய்யலாம். கடிதம் கிடைத்ததும் வியாபாரி இனிமையாகப் பேசத் தொடங்கி, "கடிகாரத்தைக் கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டு ஏதாவது செய்கிறேன்" என்று அழைக்கக்கூடும். பணம் வங்கிக் கணக்கில் ஏறி, எழுத்தில் உடன்பாடு கையெழுத்தாகும் வரை கடிகாரம் உங்கள் கையை விட்டுப் போகக் கூடாது. அது கையை விட்டுப் போனால் வழக்கும் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரொக்கமாகக் கொடுத்த 2,00,000 ரூபாயை மறைக்க நினைக்காதீர்கள். ஒரே பரிவர்த்தனையில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் அதற்கான தண்டத்தொகை பெற்றவர் மீதுதான், கொடுத்தவர் மீது அன்று. உங்கள் பணம் கணக்கில் உள்ள வருமானம் என்றால், அன்று வங்கியிலிருந்து எடுத்த பதிவைப் புகாருடன் இணைத்து முழு 6,40,000 ரூபாயையும் கேளுங்கள். பில்லில் ரோலெக்ஸ் என்ற பெயரே இல்லாத நிலையில் வாட்ஸ்அப் உரையாடல்தான் உங்கள் உயிர்நாடி. அதை முழுமையாக ஏற்றுமதி செய்து வையுங்கள், கைபேசியை மாற்றாதீர்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63 கேட்கும் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள்.

காவல் நிலையத்துக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வணிகச் சின்னங்கள் சட்டம், 1999, பிரிவு 104-இன்படி பொய்யான சின்னம் பதித்த பொருளை விற்பதற்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. விற்பனை 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்ததால், அன்று நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் மோசடிப் புகாரும் கொடுக்கலாம். ஆனால் 'எனக்கே தெரியாமல் நானும் ஏமாந்துதான் வாங்கினேன்' என்று வியாபாரி சொல்ல முடியும். குற்ற வழக்கில் அது நல்ல தற்காப்பு, நுகர்வோர் வழக்கில் அவ்வளவாக உதவாது. மேலும், குற்ற வழக்கில் கடிகாரம் காவல் துறையின் வசம் போய்விடும். உங்கள் நோக்கம் பணத்தைத் திரும்பப் பெறுவது என்றால் பாந்திராவிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் கருத்து.

நண்பரின் யோசனை

சொந்த உபயோகத்துக்குப் போலிக் கடிகாரத்தை வைத்திருப்பது நம் சட்டப்படி குற்றமன்று. விற்பனைக்காக வைத்திருப்பது குற்றம். நண்பர் சொன்னபடி ஆன்லைனில் விளம்பரம் போடும் அந்த நிமிடத்தில் நீங்கள் அதே 104-ஆம் பிரிவுக்குள் கால் வைக்கிறீர்கள். வியாபாரிக்காவது 'தெரியாது' என்று சொல்ல இடமிருக்கிறது. எனக்குக் கடிதமும் எழுதிவிட்ட உங்களுக்கு அதுவும் இல்லை. 4 லட்சம் கொடுக்கப்போகிற அந்த இன்னொருவரும் யாருடைய மணிவிழாவுக்காகவோ வாங்கக்கூடும்.

அப்பாவிடம் சொல்வதா

இது சட்டக் கேள்வி அன்று என்று மன்னிப்புக் கேட்டிருந்தீர்கள். உண்மையில் இது சட்டக் கேள்விதான். 'நீங்களே மாற்றிவிட்டீர்கள்' என்ற குற்றச்சாட்டை உடைக்க, விற்பதற்கு முன் வியாபாரி அனுப்பிய படங்களையும் இன்றைய கடிகாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்: கொக்கியில் உள்ள கீறல், செயினின் தேய்மானம், உள்வளையத்து எண். இரண்டுக்கும் நடுவே மணிவிழாப் படங்கள் இருக்கின்றன. மாலை மாற்றும்போதும் ஆசீர்வாதம் செய்யும்போதும் அப்பாவின் மணிக்கட்டு பெரிதாகத் தெரியும் படம் ஒன்றாவது இருக்கும். புகைப்படக்காரரிடம் சுருக்காத மூலக் கோப்புகளைக் கேட்டு வாங்குங்கள்; ஆல்பத்தில் எந்தப் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை உங்களைவிட அப்பா நன்றாக அறிந்திருப்பார். கடிகாரத்தைக் கட்டியவர் என்ற முறையில், அது ஒன்றரை நாளில் நின்றதற்கும் சாவியைத் திருகி மூடியே வைத்திருந்ததற்கும் பிரமாண வாக்குமூலம் தர வேண்டியவரும் அவர்தான். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமையே அந்த ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்காருங்கள்.